கல்வராயன் மலை வண்டிகள்: ஜீப், பிக்கப்பை உயர்த்தி பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்? டிரெய்லர் இழுப்பவர்கள் ஏன் கூடுதலாக யோசிக்க வேண்டும்?

"அண்ணா, வண்டியை ஒரு மூணு இன்ச் தூக்கி, பெரிய டயரா போட்டு விடுங்க. மலையில கல்லு கல்லா இடிக்குது." மலைப்பாதை உள்ள ஊர்களில், எந்த ஸ்பிரிங் பட்டறையில் நின்றாலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. ஜீப், பிக்கப், டிராக்டர் வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது ஸ்டைல் விஷயம் அல்ல. அடிபடாமல் வண்டி மேலே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் உயர்த்திய வண்டி மேலே ஏறுவது பாதிக் கதைதான். அதே வண்டி பாரத்தோடு, பின்னால் ஒரு டிரெய்லரும் மாட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டுமே? பிரேக், வளைவு, கொக்கி, சட்டம், இன்சூரன்ஸ் என எல்லாக் கேள்விகளும் அங்கேதான் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்வராயன் மலையில் ஏன் இந்தத் தேவை?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றின் வரிசையில் வருகிறது. ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், இன்னொரு பக்கம் சேலம் மாவட்டம். விழுப்புரத்தில் இருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26-ல் தொடங்கி வைக்கப்பட்டது. மலைக்கான ஒன்றியத்தின் தலைமையிடம் வெள்ளிமலை.

இங்கு பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். (பெயர்தான் அப்படி. கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை.) மரவள்ளி, சாமை, தினை, கடுக்காய் என்று விளைவது எதுவாக இருந்தாலும் காசாக வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். மரவள்ளிக்கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகள் வரை போகிறது.

இந்த மலை நீண்ட காலம் ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-ல்தான். சாலைகளும் அதற்கேற்பத் தாமதமாகவே வந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்தது. அதில் சாலை வசதியும் முக்கியமாகப் பேசப்பட்டது.

மெயின் ரோட்டில் இருந்து குக்கிராமத்துக்குப் பிரியும் பாதையில் மழைத் தண்ணீர் அரித்த பள்ளம், உருண்டு கிடக்கும் கல், ஓடை என்று எல்லாம் இருக்கும். அந்த இடத்தில்தான் "வண்டி இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தா நல்லா இருக்குமே" என்ற எண்ணம் வருகிறது. அது நியாயமான எண்ணமும்கூட.

வண்டியை உயர்த்துவது என்றால் என்ன?

பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன.

1. ஸ்பிரிங்கை உயர்த்துவது: பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைப்பார்கள். அல்லது கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பார்கள், நீளமான ஷேக்கிள் மாட்டுவார்கள். முன்பக்கம் காயில் ஸ்பிரிங் இருந்தால் அதற்கு மேல் ஸ்பேசர் வரும்.

2. பாடியை மட்டும் உயர்த்துவது: சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது. பெரிய டயர் பாடியில் உரசாமல் இருக்க இடம் கிடைக்கும். சேஸிஸ் அதே உயரத்தில்தான் இருக்கும்.

3. பெரிய டயர் போடுவது: வண்டி மொத்தமாக மேலே எழும்பும்.

பல பேர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. பின் ஆக்ஸில் ஒரே துண்டாக இருக்கும் ஜீப், பிக்கப்களில், கல்லில் முதலில் இடிப்பது பெரும்பாலும் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் குண்டுப் பகுதிதான். மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்வது அதைத்தான். ஸ்பிரிங்கை மூன்று அங்குலம் என்ன, ஆறு அங்குலம் உயர்த்தினாலும் இந்தப் பகுதி ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. ஏனென்றால் அது ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அதை உயர்த்த டயரால் மட்டும்தான் முடியும்.

ஆக, "கிரவுன் இடிக்குது" என்பதற்காக ஸ்பிரிங்கில் கட்டை வைப்பவர் செலவு செய்கிறார், வண்டியின் நிலைத்தன்மையைக் குறைத்துக்கொள்கிறார், பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

டயர் எவ்வளவு உயர்த்தும்? ஒரு சின்னக் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இந்த அளவு டயரின் மொத்த விட்டம் சுமார் 704 மி.மீ. அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 போட்டால் சுமார் 734 மி.மீ. 31 அங்குல டயர் போட்டால் சுமார் 787 மி.மீ.

விட்டத்தில் கூடுவது முழுவதும் உயரமாகக் கிடைக்காது. பாதிதான் கிடைக்கும், மீதிப் பாதி ஆக்ஸிலுக்கு மேலே போய்விடும். அதாவது 235 டயரில் 15 மி.மீ. உயரம். 31 அங்குல டயரில் 42 மி.மீ., ஒன்றரை அங்குலத்தைவிடச் சற்று அதிகம். இந்த ஒன்றரை அங்குலத்துக்கு வண்டி என்ன விலை கொடுக்கிறது என்று பார்ப்போம்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்

31 அங்குல டயர், பழைய டயரைவிட 12 சதவீதம் பெரியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 12 சதவீதம் கூடுதல் தூரம் போகும். ஆனால் மீட்டருக்கு இது தெரியாது. முள் 60 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 67 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இழுவை குறையும்

அதே இன்ஜின், அதே கியர். ஆனால் சக்கரம் பெரியது. நீளமான கையால் பாரம் தூக்குவது போல. ரோட்டில் கிடைக்கும் இழுவை சுமார் 11 சதவீதம் குறையும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. பாரத்தோடு மேடு ஏறும்போது, முன்பு இரண்டாவது கியரில் போன இடத்தில் இப்போது முதல் கியர் கேட்கும். கிளட்ச் சீக்கிரம் தேயும்.

இறக்கத்திலும் இதே கதைதான். கியரில் விட்டு இறங்கும்போது இன்ஜின் வண்டியைப் பிடித்துக் கொடுக்கும் சக்தியும் அதே அளவு குறைந்துவிடும்.

பிரேக் என்ன ஆகும்?

இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட இடம். பெரிய டயர் போட்டாலும் பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் பழையவைதான். காலால் அதே அளவு மிதித்தால், பெரிய சக்கரத்தில் ரோட்டில் கிடைக்கும் பிடி சுமார் 11 சதவீதம் குறைவு.

கூடவே மீட்டர் பொய்யும் சேர்ந்துகொள்கிறது. 60-ல் போவதாக நினைத்து 67-ல் போகிறீர்கள். வேகம் 12 சதவீதம் கூடினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 25 சதவீதம் கூடும். இரண்டையும் சேர்த்தால், அதே மிதியில் முன்பு 40 மீட்டரில் நின்ற வண்டி, கணக்குப்படி 56 மீட்டர் போய்த்தான் நிற்கும். 16 மீட்டர் வித்தியாசம். மலைப்பாதையில் இது சின்ன விஷயம் அல்ல. இன்னும் அழுத்தி மிதித்தால் சீக்கிரம் நிற்குமே என்று கேட்கலாம். நிற்கும்தான். ஆனால் நீண்ட இறக்கத்தில் அப்படி மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகி, பிடிப்பே குறைந்துவிடும்.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி, ஒரு வால்வோடு இணைந்திருக்கும். வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பாரம் ஏறினால் சேஸிஸ் கீழே இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் போகும். வண்டி காலியாக இருந்தால் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

இப்போது ஸ்பிரிங்குக்குக் கட்டை வைத்து சேஸிஸை உயர்த்திவிட்டால்? முழுப் பாரம் ஏற்றினாலும் வால்வுக்கு வண்டி காலியாக இருப்பது போலத்தான் தெரியும். பின் பிரேக் குறைவாகவே கிடைக்கும். எல்லா வேலையையும் முன் பிரேக் பார்க்கும். நீண்ட இறக்கத்தில் அது சூடாகித் திணறும். கட்டை வைத்த பட்டறையில் இந்தக் கம்பியைச் சரிசெய்தார்களா என்று பல உரிமையாளர்கள் கேட்பதே இல்லை.

வளைவில் கவிழும் ஆபத்து எவ்வளவு கூடும்?

வண்டி கவிழுமா இல்லையா என்பதை இரண்டு அளவுகள் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒன்று, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம். இன்னொன்று, வண்டியின் எடை மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது.

உதாரணத்துக்கு, சக்கர அகலம் 1.4 மீட்டர், பாரத்தோடு எடை மையம் 80 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த வண்டி அசையாமல் நிற்கும்போது சுமார் 41 டிகிரி சாய்ந்தால் கவிழும். எடை மையத்தை 10 செ.மீ. உயர்த்தினால் 38 டிகிரியிலேயே கவிழும். மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் ஓடும் வண்டியில் வளைவின் வேகம், பள்ளத்தில் இறங்கும் ஒரு சக்கரம், ஸ்பிரிங் சாய்வது எல்லாம் சேர்ந்து அந்த மிச்சத்தைத்தான் முதலில் தின்னும்.

சரக்கு ஏற்றும் இடத்தில் ஆட்களை நிற்க வைத்து ஓட்டினால் எடை மையம் இன்னும் மேலே போகும். வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். சரக்கு வாகனத்தில் பயணிகளை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். பஸ் வராத ஊரில் வேறு வழி இல்லாமல்தான் மக்கள் ஏறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வண்டி உயர்த்தப்பட்ட வண்டியாகவும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

பின்னால் டிரெய்லர் இருந்தால்?

தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர், கம்ப்ரஸர், கலவை மெஷின் என்று பிக்கப்பின் பின்னால் இழுத்துப் போவது பல இடங்களில் சாதாரணம். இங்கே வண்டியை உயர்த்தினால், கூடவே கொக்கியும் உயர்ந்துவிடும்.

கொக்கி உயர்ந்தால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும், பாரம் பின்பக்கம் சாயும். கொக்கியின் மேல் அழுத்த வேண்டிய எடை குறையும். ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர் நேராக ஓட, அதன் மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் பொது விதி. அதற்குக் கீழே இறங்கினால் டிரெய்லர் பாம்பு போல ஆடத் தொடங்கும்.

ஒரு கணக்கு: 1,500 கிலோ டிரெய்லர். கொக்கியில் இருந்து ஆக்ஸில் வரை 2 மீட்டர். பாரத்தின் மையம் ஆக்ஸிலுக்கு 20 செ.மீ. முன்னால், 80 செ.மீ. மேலே இருக்கிறது. தரைக்கு இணையாக இருக்கும்போது கொக்கியில் 150 கிலோ, அதாவது சரியாக 10 சதவீதம். இப்போது வண்டியில் 3 அங்குலக் கட்டையும் 31 அங்குல டயரும் போட்டுக் கொக்கி சுமார் 12 செ.மீ. உயர்ந்துவிட்டது. கொக்கியில் இருக்கும் எடை ஏறத்தாழ 115 கிலோவாக இறங்கிவிடும். அதே பாரம், அதே டிரெய்லர், ஏற்றியவரும் அதே ஆள். ஆனால் இறக்கத்தில் ஆட்டம் தொடங்கும் வேகம் முன்பைவிடக் குறைவு.

ஆட்டம் தொடங்கினால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்கப் பார்ப்பதும், திடீரென பிரேக் போடுவதும் நிலைமையை மோசமாக்கும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெதுவாகக் குறைக்க வேண்டும்.

வண்டியை ஏற்கெனவே உயர்த்தியாகிவிட்டது என்றால், கொக்கியைப் பழைய உயரத்துக்கு இறக்க வேண்டும். கீழ்நோக்கி வளைந்த, தரமான கொக்கித் தாங்கி அதற்காகவே விற்கப்படுகிறது. பட்டறையில் இரும்புத் துண்டை வெல்டிங் வைத்து நீட்டுவது அதற்கு மாற்று ஆகாது.

டிராக்டருக்குப் பெரிய டயர்: முன் சக்கரம் தூக்கும் ஆபத்து

கள்ளக்குறிச்சி கரும்பு மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. அறுவடைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டில் வரிசை கட்டும். மலையடிவாரத்தில் டிராக்டர்தான் முதல் இழுவை வண்டி.

13.6-28 அளவு பின் டயர் இருந்த டிராக்டரில் 16.9-28 போட்டால் பிடிப்பு கூடும், சேற்றில் புதையாது. உழவுக்கு நல்லதுதான். ஆனால் பின்பக்கம் சுமார் 2 அங்குலம் எழும்பும், கூடவே கொக்கியும் எழும்பும்.

மேட்டில் பாரம் இழுக்கும்போது டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கொக்கி எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு முன்பக்கம் சுலபமாக எழும்பும். டிரெய்லரையோ மரக்கட்டையையோ கீழே உள்ள டிராபாரில் மாட்டாமல், மேலே டாப் லிங்க் இடத்தில் சங்கிலி போட்டு இழுத்தால் டிராக்டர் ஒன்றிரண்டு விநாடியில் பின்பக்கமாகப் புரண்டுவிடும். ஓட்டுபவர் குதிக்க நேரமே இருக்காது. அதனால்தான் டிராக்டரில் இழுவைக்கு டிராபாரை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லப்படுகிறது.

நான்கு சக்கர இயக்க டிராக்டரில் பின் டயரை மட்டும் மாற்றுவதும் தவறு. முன், பின் டயர்களுக்கு நடுவே கம்பெனி ஒரு விகிதம் வைத்திருக்கும். அது மாறினால் கியர்பாக்ஸுக்குள் இழுபறி ஏற்பட்டுப் பற்கள் சேதமாகும். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கும் இதே விதிதான்: நான்கு டயரும் ஒரே அளவு, முடிந்தால் ஒரே தேய்மானம்.

இறக்கத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2 டன் டிராக்டர், பாரத்தோடு 6 டன் டிரெய்லர். பத்து அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், இரண்டும் சேர்ந்து சுமார் 800 கிலோ விசையோடு கீழ்நோக்கித் தள்ளும். அதில் 600 கிலோ டிரெய்லருடையது. பல விவசாய டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. முழுவதையும் டிராக்டரின் பின் சக்கரங்கள்தான் பிடிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது.

இதில் இருந்த குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ல் தீர்த்து வைத்தது. கேரளாவில் இருந்து வந்த வழக்கு அது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. கேரள உயர் நீதிமன்றம் முன்பு அளித்த தீர்ப்பும் ரத்தானது.

அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் தண்டனையும் சேர்க்கப்பட்டது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டை ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று என்று தனித்தனியாக எண்ண முடியும்.

சரக்கு வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பதிவு விவரங்களிலேயே டயரின் எண்ணிக்கையும் அளவும் இருக்கும். எஃப்.சி.க்குப் போகும்போது அதுவும் பார்க்கப்படும். புதிய சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி.க்காகப் பழைய டயரை மாட்டிக் காட்டிவிட்டு, வந்ததும் பெரிய டயரை மாட்டும் பழக்கம் சட்டத்தில் இருந்து தப்பிக்க உதவாது.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

வெளிநாடுகளில் இதற்குக் கதவு முழுவதும் மூடப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வண்டியை உயர்த்தினால் பொறியாளர் சோதித்துச் சான்று தர வேண்டும். ஜெர்மனியில் மாற்றங்களைத் தொழில்நுட்பச் சோதனை அமைப்பு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் ஹரியானாவின் மண்டி டப்வாலி, பழைய ஜீப்புகளைப் புதிதாகக் கட்டித் தருவதற்குப் பேர்போன ஊர். அங்கே கட்டிய வண்டி கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஆனால் வாங்கி வருபவர்தான் 52-வது பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பார்வையிடுவார். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், அதுவும் விபத்துக்குக் காரணமாகக் கூடிய மாற்றம் இருந்தால், வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் குறைக்கப்படலாம் அல்லது மறுக்கப்படலாம். கடனில் எடுத்த வண்டி என்றால் தவணை நிற்காது. வண்டியும் இல்லை, க்ளெய்மும் இல்லை, டியூ மட்டும் மிச்சம்.

அப்படியானால் மலைப்பாதையில் ஓட்ட என்னதான் வழி?

சட்டத்துக்கு உட்பட்டு, பிரேக்கையும் பாதிக்காமல் செய்யக்கூடியவை நிறையவே இருக்கின்றன.

• கம்பெனி அனுமதித்த அளவுகளைப் பாருங்கள். ஒரே மாடலின் வெவ்வேறு வேரியண்ட்டுகளுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட டயர் அளவு இருக்கலாம். கதவுப் பக்கம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலும் ஓனர் புத்தகத்திலும் இருக்கும். உங்கள் வேரியண்ட்டுக்கு எது பொருந்தும் என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

• அளவை மாற்றாமல் வகையை மாற்றலாம். அதே அளவில், கல், சேறு இரண்டுக்கும் ஏற்ற ஆழமான பட்டன் உள்ள டயர் கிடைக்கும். பல நேரங்களில் வண்டிக்குத் தேவைப்படுவது உயரத்தைவிடப் பிடிப்புதான்.

• பாரக் குறியீட்டைப் பாருங்கள். டயர் அளவுக்குப் பக்கத்தில் 100 என்று இருந்தால், அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். கம்பெனி டயரைவிடக் குறைந்த எண் உள்ள டயரைப் போடவே கூடாது.

• பட்டன் தேய்மானத்தைக் கவனியுங்கள். கார், பிக்கப் போன்ற வண்டிகளுக்குக் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்கால மலைப்பாதைக்கு அதுவே போதாது.

• தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பல ஆண்டு பாரம் ஏற்றிய வண்டியின் பட்டைகள் தொய்ந்து, வண்டி தானாகவே ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருக்கும். கம்பெனி அளவிலேயே புதிய பட்டைகளும் புஷ்ஷும் போட்டால், எந்த விதியையும் மீறாமல் அந்த உயரம் திரும்பக் கிடைக்கும்.

• கிரவுனுக்கும் ஆயில் சம்ப்புக்கும் அடியில் இரும்புக் கவசம் போடுவது பற்றி டீலரிடம் கேளுங்கள். கம்பெனியே தரும் துணைப் பொருளாக இருந்தால் சிக்கல் இல்லை.

• பாரத்தைக் குறைத்து, கீழே பரப்பி ஏற்றுங்கள். கனமான மூட்டை தரையோடும் முன்பக்கமும் இருக்கட்டும்.

ஏற்கெனவே வண்டியை உயர்த்தியவர்கள், அதே பட்டறையில் கேட்டுப் பார்க்க வேண்டியவை: பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கிறதா? பார வால்வின் கம்பி சரியாக இருக்கிறதா? புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் கோணம் கூடிச் சத்தம் வருகிறதா? ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் டயர் எங்காவது உரசுகிறதா? ஹெட்லைட் எதிரில் வரும் டூவீலர்காரரின் கண்ணில் அடிக்கிறதா? கட்டையைக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான்.

மலை இறங்கும் முன் ஐந்து நிமிடம்

1. டயரில் காற்று சரியாக இருக்கிறதா, டிரெய்லர் டயர்களையும் சேர்த்துப் பாருங்கள்.

2. சமதளத்தில் நின்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கக் கூடாது. தரைக்கு இணையாகவோ, முன்பக்கம் துளி இறங்கியோ இருக்க வேண்டும்.

3. கொக்கியின் பின், அதன் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

4. டிராக்டரில் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு ஒன்றாக இணைத்துவிட்டீர்களா? வயலில் தனித்தனியாக மிதிக்கும் பெடல், ரோட்டில் ஒன்று மட்டும் மிதிபட்டால் வண்டி அந்தப் பக்கமே சுற்றிவிடும்.

5. பின்பக்க லைட்டும் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்கிறதா? இருட்டில் நிற்கும் கரும்பு டிரெய்லர், பின்னால் வருபவருக்குக் கிட்டே வந்த பிறகுதான் தெரியும்.

கடைசியாக, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது வேண்டவே வேண்டாம். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறினீர்களோ, அதே கியரில், அல்லது அதற்கும் ஒரு கியர் கீழே, இறங்குங்கள். கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி கோமுகி அணைப் பக்கம் சமவெளியைத் தொடும் வரை கியரிலேயே இருக்கட்டும்.